சனிக்கிழமை சாரின் மூன்றாவது நட்சத்திரம்

ஆம்பூரில் முப்பது வருஷம் குடியிருந்தும் ஆம்பூர் பிரியாணியை ஒரு வாய்கூடச் சாப்பிடாத ஒரே மனிதர் எங்கள் சனிக்கிழமை சார்தான். அவர் வீட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பிரியாணிக் கடை, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டிலும் ஒரே நேரத்தில் தம் உடைப்பார்கள். தெருவே மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இவர் மட்டும் தயிர்சாத டப்பாவோடு நடுவில் நிம்மதியாக நடந்து வருவார்.

சார் கொச்சியிலிருந்து வந்த யூதர். எங்கள் தோல் கம்பெனியில் செலக்‌ஷன் மாஸ்டர். பதப்படுத்திய தோலைக் கட்டை விரலால் தடவிப் பார்த்து, முதல் தரமா மூன்றாம் தரமா என்று சாக்பீஸால் குறி போடுகிற வேலை. அவர்கள் முறைப்படி ஆட்டையும் கோழியையும் அறுக்க ஊரில் ஆள் இல்லாததால் கறியே தொட மாட்டார். மீன் உண்டு, ஆனால் செதில் இருக்க வேண்டும். மார்க்கெட்டில் சங்கரா மீனை எடுத்து வாலிலிருந்து தலை வரைக்கும் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருப்பார்.

மீன்காரம்மா ஒருநாள் பொறுமை இழந்து, "நீ இன்னா சார், மீன் வாங்க வந்தியா, தோல் பாக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டார். சார் அசரவில்லை. அந்த மீனையும் மூன்றாம் தரம் என்று ஒதுக்கிவிட்டுத்தான் நகர்ந்தார்.

ஆம்பூருக்கு வெள்ளிக்கிழமை தெரியும், ஞாயிற்றுக்கிழமை தெரியும். சனிக்கிழமையைக் கும்பிடுகிற ஆளை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. வெள்ளி பொழுது சாய்ந்தால் விளக்கு சுவிட்சைக்கூடத் தொட மாட்டார். சாக்பீஸ் பிடிப்பதும் எழுதுவதுதான் என்பதால் அதுவும் கிடையாது. அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து குடோனைத் திறக்கச் சொல்லி, வாட்ச்மேனின் தூக்கத்தைக் கெடுப்பார்.

வெள்ளி சாயங்காலம் பிள்ளைகள் தலையில் கை வைத்து ஆசி சொல்வது அவர்கள் வழக்கம். மகளோ வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், பேத்தியும் அங்கேதான். சார் விடுவாரா? பொழுது சாய்வதற்கு முன்பே வீடியோ கால் போட்டு, போன் மேலேயே கையை வைத்துவிடுவார். "தாத்தா, உங்க உள்ளங்கைதான் தெரியுது" என்று பேத்தி கத்துவாள். அது முக்கியமில்லை என்று இவர் கண்ணை மூடிக்கொண்டு முழுசாகச் சொல்லி முடிப்பார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஒரு மழைக்காலத்துச் சனிக்கிழமை எங்கள் கம்பெனியின் கழுத்து மாட்டியது. அந்த வருஷத்திலேயே பெரிய ஆர்டர். சரக்கு தாமதமாகத் தயாரானது. லாரி கேட்டில் நிற்கிறது. ராத்திரிக்குள் கிளம்பாவிட்டால் கப்பல் போய்விடும், ஆர்டரும் போய்விடும். வெளிநாட்டுப் பார்ட்டி சார் போட்ட குறியைத் தவிர வேறு யார் குறியையும் ஏற்க மாட்டான். டெஸ்பாட்ச் கிளார்க்கான நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

முதலாளி பாய் அவரை வற்புறுத்தவில்லை. நோன்பு வைக்கிற மனுஷனுக்கு அடுத்தவர் நியமம் புரியும். சனிக்கிழமை நியமம் எப்போது முடியும் என்று மட்டும் ஆள் அனுப்பிக் கேட்டார். வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால் முடிந்தது என்று பதில் வந்தது. சாயங்காலம் சாரும் கம்பெனிக்கு நடந்தே வந்துவிட்டார்.

மொத்த கம்பெனியும் மொட்டை மாடியில். முதலாளி, சூப்பர்வைசர், லாரி டிரைவர், நான், எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்க்கிறோம். மேலே ஒரே மேகம். எங்கள் நம்பிக்கையெல்லாம் ட்ரம் பாய் மேல்தான். தோல் ஊறுகிற பெரிய ட்ரம்களை ஓட்டுகிறவர். அதைவிட, அவர் மொஹல்லாவில் ஒவ்வொரு வருஷமும் பெருநாள் பிறையை முதலில் பார்ப்பவர் அவர்தான். அப்பேர்ப்பட்ட கண்.

மேகம் விலகி ஒன்று தெரிந்தது. ரொம்ப நேரம் கழித்து இரண்டு. பிறகு ஒன்றுமே இல்லை. திடீரென்று ட்ரம் பாய் மலைப் பக்கம் கை நீட்டி, மூன்றாவது அதோ என்று கூவினார். நாங்கள் கைதட்டியே விட்டோம்.

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தோல் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தார். "பாய், அது டவர் லைட்டு. செகப்பா எரியுது."

முதலாளி மெதுவாக, "ரெண்டு வந்துட்டா மூணாவதும் எங்கியோ இருக்கும்ல சார்?" என்றார்.

"இருக்கும் பாய். என் கண்ணுல படணும்."

கடைசியில் லாரி டிரைவர்தான் கண்டுபிடித்தார். தென்னை மரத்துக்கு மேலே, ஊசி முனை அளவு. சார் தலையாட்டியதுதான் தாமதம், அறுபது வயசு மனிதர் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். நாங்கள் பின்னால் ஓடினோம். அந்தக் கட்டை விரல் அன்று ஓடிய வேகத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. கப்பலையும் பிடித்தோம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பேத்திக்கு போன் போடுகிற நேரம் வருவதற்குள், சார் நாற்காலியிலேயே போய்விட்டார். வேலூரிலிருந்து மகள் ஓடி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. சனிக்கிழமை அடக்கம் கூடாது. மறுநாள் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகு, சென்னையில் இருக்கும் அவர்கள் மயானத்துக்குக் கிளம்புவது என்று முடிவானது. ஹாலில் ஃப்ரீசர் பெட்டி, வாசலில் வேன்.

சனி சாயங்காலம் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. முதலாளி, ட்ரம் பாய், நான், ஒவ்வொருவராக அவர் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டோம். அன்று பார்த்து வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஒன்று வந்தது. இரண்டு வந்தது.

பேத்தி படியேறி வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "மூணு வந்துடுச்சா? வேனை எடுக்கலாமான்னு அம்மா கேக்கறாங்க."

ட்ரம் பாய் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டுதான் தெரியுது கண்ணு" என்றார்.

முதலாளி ஆமாம் என்று தலையாட்டினார். மூன்றாவது நட்சத்திரம் எங்கள் தலைக்கு நேர் மேலே பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. எனக்கும் இரண்டுதான் தெரிந்தது.