கண்ணுசாமியின் மூன்று வயதுகள்

கும்பிட்ட கையைக் கண்ணுசாமி இறக்கவே இல்லை. "எசமான், ரிஜிஸ்தர்ல எனக்கு அம்பத்தஞ்சு முடியுதுன்னு இருக்கு. நெசமா அம்பத்திரண்டுதாங்க."

புதுக்கோட்டை சமஸ்தானக் கச்சேரி ஒன்றில் அவர் சேவகர். வேலையில் சேர்ந்து இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று. முப்பது முடிந்தால்தான் பென்ஷன். போன வாரம் ஐம்பத்தைந்து நிரம்பிய தலைமைக் குமாஸ்தாவுக்கு மாலை போட்டு அனுப்பினார்கள். அடுத்த மாலை தமக்குத்தான் என்று அன்றிலிருந்து கண்ணுசாமி நாளை எண்ணிக்கொண்டிருந்தார். விஷயம் கேட்க ஓய்வு பெற்ற சேவகர் என்று ஒருவரும் இல்லை. எல்லாரும் வேலையிலேயே செத்துப்போயிருந்தார்கள்.

"அத்தாட்சி?" என்றார் கச்சேரியின் மேலதிகாரியான சிரஸ்தார், தலை நிமிராமல்.

மறுநாள் கண்ணுசாமி ஒரு ஜாதகத்தோடு வந்தார். சிரஸ்தார் அதைத் தடவிப் பார்த்தார். விரலில் மை ஒட்டியது.

"அம்பத்திரண்டு வருஷமா மை காயலையோ? பொய் அத்தாட்சிக்கு இப்பவே வேலையை விட்டுத் தூக்கிடுவேன்."

"தப்புத்தாங்க, எசமான். எங்க அக்கா உசிரோட இருக்கு. கூட்டியாரேன், அதையே கேளுங்க."

அக்கா மருதாயியைப் பொன்னமராவதியிலிருந்து பஸ்ஸில் அழைத்து வந்தார். வழியெல்லாம் 'ஐம்பத்திரண்டு' என்று பாடம் நடந்தது. கச்சேரியில் அக்கா பிசகாமல் ஒப்பித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் சிரஸ்தார்.

"தெரியாமலா? இவனுக்கு முந்தி மூணு புள்ள தங்கலீங்க. இதாவது தங்கட்டும்னு பக்கத்து வீட்டுக்காரிக்கிட்ட தவிட்டுக்கு வித்துட்டுத் திரும்ப வாங்குனோம். அந்த ஒரு படி தவிட்டுக்கு நாங்க பட்ட பாடு! தாது வருஷப் பஞ்சமாச்சே!"

"அக்கா, வாய மூடு!"

சிரஸ்தார் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "இப்ப நடக்கிறதும் தாது வருஷந்தான். ஒரு சுத்து சுத்தி வந்தாச்சு. அப்ப அறுபது. அறுபது முடிஞ்சா யாரா இருந்தாலும் வீட்டுக்குத்தான்."

சாயங்காலமே உத்தரவு கைக்கு வந்தது. கச்சேரி வாசலில் மனு எழுதும் முகம்மது கனி அதைப் படித்துச் சொன்னார். வயது அறுபது என்று திருத்தம், நாளை முதல் வேலை இல்லை, பென்ஷனும் இல்லை.

கண்ணுசாமி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். இனி என்ன செய்து பிழைப்பது என்று ஒன்றும் தெரியவில்லை. அக்காவைத் திட்டக்கூடத் தெம்பில்லை.

"விடு பாய். சும்மா இருந்திருந்தாலும் அம்பத்தஞ்சுன்னு அடுத்த மாசம் அனுப்பித்தான் இருப்பாங்க" என்றார் கண்ணுசாமி, தமக்குத் தாமே ஆறுதலாக.

கனி காகிதத்தை மடித்துக் கொடுத்தார்.

"யாருண்ணே சொன்னது? அம்பத்தஞ்சு குமாஸ்தாமாருக்குத்தான். சேவகனுக்கு என்னைக்கும் அறுவது."