எறாக் குழம்பைக் கொன்றவள்

மர்மக் கதை எழுதச் சொல்லித்தருகிறவருக்குப் பயம் இருக்கக் கூடாது. எனக்கு இருந்ததே அது மட்டும்தான்.

காட்டூரில் நெல் வயலைப் பார்த்து வளர்ந்தவள் நான். (வாய்க்கால் தண்ணீருக்கே கண்ணை மூடிக்கொள்வேன்.) முதல் வேலை பழவேற்காட்டுப் பள்ளியில். மர்மக் கதைக்குத் திட்டம் போட, எட்டுப் பிள்ளைகளை டச்சுக்காரர் கல்லறைக்கு அழைத்துப் போனேன். வாசலில் செதுக்கியிருந்த எலும்புக்கூட்டைப் பார்த்ததுமே எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

"முதல்ல ஒருத்தர் காணாம போகணும். அப்புறம் தடயம். முடிவை முன்னாடியே யோசிச்சு வெச்சுக்கணும். ஆளுக்கொரு பக்கமா உக்காந்து எழுதுங்க" என்றேன்.

அரை மணி நேரம் கழித்து எண்ணினேன். ஏழு பேர். மறுபடி எண்ணினேன். ஏழுதான்.

"அஞ்சலை எங்கடா?"

"ஏரிப் பக்கம் போச்சு டீச்சர்."

ஓடினேன். கரையில் அவள் செருப்பு. சேற்றில் ஆழ ஆழமாகக் கால்தடங்கள், அங்கேயே சுற்றிச் சுற்றி, பிறகு தண்ணீருக்குள். திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை. அவள் அம்மாவிடம் என்ன சொல்வேன்? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டேன். நீச்சல் தெரியாது என்பது முழங்கால்வரை புதைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

"ஐயோ, எறங்காதீங்க டீச்சர்! எறா ஓடிடும்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"அந்தப் பொண்ண காணோம்! உங்களுக்கு இறாலா முக்கியம்?" என்று அழுதபடி, கைக்கு எட்டிய சேற்றையெல்லாம் துழாவினேன். கையிலிருந்த வளையல் கழன்று விழுந்ததுகூடத் தெரியவில்லை.

"இன்னா டீச்சர் தேடுறீங்க?"

திரும்பினேன். பானையும் கையுமாக அஞ்சலை! கட்டிக்கொண்டு அழலாம் என்றால் கால் வரவில்லை. நான்கு பேர் இழுத்துக் கரையேற்றினார்கள்.

"சேத்துல மிதிச்சு வெச்சா அந்தக் குழில எறா வந்து படுக்கும் டீச்சர். அப்புறம் கையால பொறுக்கணும். குழி கலையக் கூடாதுன்னு கரையோரக் கல்லு மேலயே ஏறி, பானை எடுக்க ஊட்டுக்குப் போனேன்." அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. "எல்லாத்தையும் கலைச்சுட்டீங்களே! நைனா எறாக் கொழம்பு கேட்டுச்சு."

மறுநாள் அவள் கதைதான் முதலில் வந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடி முடிவை முன்னாடியே யோசித்து எழுதியிருந்தாள்: "கொலை செய்யப்பட்டது குழம்பு. தடயம் சேற்றில் கிடந்த வளையல். குற்றவாளி டீச்சர்."

அதை என் கணவரிடம் காட்டியது நான் செய்த இரண்டாவது தவறு. இருபது வருடமாக, வீட்டில் இறால் குழம்பு கொதித்தால் போதும், அவர் கூடத்திலிருந்து குரல் கொடுப்பார்: "குற்றவாளிக்கு ரெண்டு கரண்டி கம்மியா ஊத்துங்க!"