கவசத்துக்குப் பொட்டு வைத்த கழகம்

கடலுக்கும் தமிழனுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கப்பலேறி மலாயாவுக்கு வந்த காலத்திலேயே கடலின் மேல்பக்கத்தை அவன் பார்த்து முடித்துவிட்டான். வாந்தியெடுத்த நேரம் போக மீதி நேரம் நன்றாகவே பார்த்தான். பாக்கியிருந்தது அடிப்பக்கம்தான். அந்த வரலாற்றுக் குறையைப் போக்கும் பொறுப்பை, மெர்டேக்கா என்னும் விடுதலை கிடைக்கப்போகிற அந்த ஐம்பத்தேழாம் ஆண்டில், மலாக்கா காஜா பெராங்கில் தம் வீட்டு முன்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏற்றுக்கொண்டவர் திருவாளர் தெய்வநாயகம்.

அவர் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். அங்கே துரையாக இருந்த வெள்ளைக்காரர் ஊருக்கு மூட்டை கட்டும்போது, கடலுக்கடியில் எடுத்த மீன் படங்கள் நிறைந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையை மேசையிலேயே விட்டுப் போனார். நாடு முறைப்படி கைமாறுவதற்குச் சில மாதங்கள் இருந்தன. பத்திரிகை உடனே கைமாறியது. தெய்வநாயகம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, தூக்கத்தைத் தொலைத்தார்.

அதே சமயத்தில் மெர்டேக்கா கொண்டாட்டத்துக்காக நகரில் ஒரு கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு சுவர். மலாய்க்காரர்கள் முடைந்த பாய் தொங்கவிடப் போகிறார்கள், சீனர்கள் மணி கோத்த செருப்பு வைக்கப் போகிறார்கள், பக்கத்துச் செட்டிக் கம்போங்காரர்கள் கெபாயாச் சட்டையும் கெரிசுக் கத்தியும் கொண்டுவரப் போகிறார்கள் என்று பேச்சு. தமிழர் சுவருக்கு ஒரு பெரிய கோலத்தைத் துணியில் தைத்துத் தருவதாகத் தெருப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னின்றவள் தெய்வநாயகத்தின் மனைவி சாரதாம்பாள். பாதித் தையல் முடிந்தும் இருந்தது.

ஏற்பாட்டுக் கூட்டத்தில் தெய்வநாயகம் எழுந்தார்.

"உலகமே கடலுக்கு அடியில போயிக்கிட்டு இருக்கு. நாம மட்டும் இன்னும் தரையில புள்ளி வெச்சிக்கிட்டு இருந்தா புது நாட்டுல நம்மள யாரு மதிப்பா? மலாக்கா கடலடியில வாழுற ஓர் உயிரினத்த, உயிரோட, தண்ணிக்குள்ளயே படம் புடிச்சி நம்ம சுவர்ல மாட்டிக் காட்டுறேன். இது என் வாக்கு!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. சுவர் அவருக்கே எழுதப்பட்டது. காமிரா வாங்க ஊரே வசூல் கொடுத்தது. கோலத் துணி மடிந்து டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று. படம் வந்தால் சரி. வராவிட்டால் மெர்டேக்கா அன்று ஊரிலேயே காலியாக நிற்கும் ஒரே சுவர் நம்முடையதாக இருக்கும்.

'மலாக்கா தமிழர் கடலடி உயிரினப் படக் கழகம்' உடனே உதயமாயிற்று. தலைவர் தெய்வநாயகம். செயலாளர், ஜாலான் பெண்டஹாராவில் படக்கடை வைத்திருந்த கருணாகரன். குரூப் போட்டோவுக்குப் பெயர் போனவர். பொருளாளர், அதே சாலையில் துணிக்கடை வைத்திருந்த தம்பிராஜா. முதல் கூட்டத்திலேயே மூவரும் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொண்டார்கள். பேச வேண்டியவை மூன்று என்று தீர்மானமாயிற்று: ஒன்று காமிராவின் உடல், இரண்டு அதற்குத் தண்ணீர் புகாத கவசம், மூன்று 'இறங்குபவர்'.

உடலைப் பற்றிய விவாதம் பல வாரங்கள் நடந்தது. சிங்கப்பூர்க் கடையொன்று இரண்டு காமிராப் பெட்டிகளைச் சொல்லியிருந்தது. ஒன்று ஜெர்மன், இரண்டு கண் உடையது, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டியது. மற்றது ஜப்பான், சிறியது, எடை குறைவு.

"ஜெர்மன் பொட்டியில ஒரு ரோலுக்குப் பன்னெண்டு படந்தான் தலைவரே," என்றார் கருணாகரன். "தீர்ந்துட்டா மேல வந்து மாத்தணும். ஜப்பான்ல முப்பத்தாறு எடுக்கலாம்."

"ஒரு மீனு பன்னெண்டு படம் வரைக்கும் அசையாம நிக்குமா?" என்று கேட்டார் தம்பிராஜா.

"நிக்காது."

"அப்ப முப்பத்தாறு எதுக்கு? வீண்தானே?"

இது 'விஞ்ஞான ரீதியான கருத்து' என்று தலைவர் பாராட்டினார். கருணாகரன் விடவில்லை. ஜப்பான் கண்ணாடியின் கூர்மையைப் பற்றி நீளமாகப் பேசினார். தம்பிராஜா தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்தார்.

"நான் தொட மாட்டேங்க அத. என் தம்பிய ஜப்பான்காரனுங்க சயாமுக்கு ரயில் போடக் கூட்டிட்டுப் போனானுங்க. கூடப் போனவன் ஒருத்தன் அவன் வேட்டியக் கொண்டாந்து குடுத்தான். தம்பி வரல."

தேத்தண்ணி ஆறிப்போயிற்று. கழகம் கூடிய நாள் முதல் கலைந்த நாள் வரை அந்தக் கூடத்தில் பேசப்பட்ட பேச்சில் கலப்படம் இல்லாதது அது ஒன்றுதான். ஜெர்மன் பெட்டி ஏகமனதாகத் தேர்வாயிற்று.

அடுத்தது கவசம். வார்ப்பு உலோகப் பெட்டி, முன்னால் வட்டக் கண்ணாடி, வெளியே திருகுகள், மேலே மூடி. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு ரப்பர் வளையம். துணிக்கடைத் தவுக்கேயான தம்பிராஜா தம் அனுபவத்தைச் சொன்னார்.

"ஒரு சுத்து பெருசா எடுங்க. வளர்ற புள்ளைக்குத் தைக்கிற மாதிரி."

"காமிரா வளராது தவுக்கே," என்றார் கருணாகரன்.

"இப்ப அப்படித்தான் சொல்வீங்க."

சரியான அளவே வாங்குவதென்று, தம்பிராஜாவின் மனவருத்தத்தோடு, முடிவாயிற்று. கடைக்காரர்கள் அனுப்பிய குறிப்பைத் தலைவர் எழுந்து நின்று வாசித்தார். ரப்பர் வளையத்தின்மேல் ஒரு முடி, ஒரு தூசி கிடந்தாலும் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும் என்று அதில் இருந்தது. 'முடி, தூசி ஆகியவற்றைக் கழகம் வன்மையாகக் கண்டிக்கிறது' என்று தீர்மானம் நிறைவேறியது. மூன்றாவது விஷயமான 'இறங்குபவர்', நேரமின்மை காரணமாக, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒத்திவைக்கப்பட்டது.

தேத்தண்ணி கொண்டுவந்த சாரதாம்பாள் ஒருநாள் மற்றவர்கள் போனபின் கேட்டாள்.

"ஏங்க, எல்லாம் சரி. தண்ணிக்குள்ள யாரு எறங்குறது?"

"அடுத்த கூட்டத்துல பேசுவோம்."

"தொட்டித் தண்ணியில மொகத்த நனைக்கவே உங்களுக்குப் பயமாச்சே?"

"தலைவர் எறங்க வேண்டியதில்ல சாரதா. தலைமை தாங்குனாப் போதும்."

"அவங்க ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியுமா?"

"அதெல்லாம் மூஞ்சிக்கு நேரா கேக்க முடியுமா? மரியாதையா இருக்குமா?"

சாரதாம்பாள் குவளைகளை அடுக்கினாள். "நான் மூவார் ஆத்தங்கரையில பொறந்தவ. முதலைக்கு முந்திக் கரையேறுனவ. கேட்டா நான் எறங்க மாட்டேனா?"

தெய்வநாயகம் சிரித்தார். "கழக விதியில பொம்பளைங்களுக்கு எடம் இல்லியே."

"விதிய யாரு எழுதுனா?"

"நான்தான்."

"நல்லா எழுதியிருக்கீங்க," என்று சொல்லி அவள் உள்ளே போனாள். அவர் அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டார்.

கண்காட்சிக்குச் சில நாட்களே இருக்கும்போது சிங்கப்பூரிலிருந்து உடலும் கவசமும் வந்து சேர்ந்தன. புது லாரி வாங்கினாலும் புதுத் தையல் மிஷின் வாங்கினாலும் பூஜை போடாமல் தொடுகிற வழக்கம் நம்மிடம் இல்லை. அப்படியிருக்க, கடலுக்குள் போகிற சாமானைச் சும்மா அனுப்ப முடியுமா? முன்கூடத்தில் வாழையிலை போட்டு, கவசத்தை நடுவில் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, தம்பிராஜா சந்தனத்தைக் குழைத்தார். கண்ணாடிக்கு ஒரு பொட்டு, திருகுகளுக்கு ஒவ்வொரு பொட்டு. மூடியைத் திறந்து ரப்பர் வளையத்தைச் சுற்றி வரிசையாகப் பொட்டு வைத்தார். ஒவ்வொன்றின்மேலும் குங்குமம் வைத்தார்.

கருணாகரனுக்கு லேசாக உறுத்தியது. "தலைவரே, வளையத்து மேல தூசி இருக்கக்கூடாதுன்னு..."

தெய்வநாயகத்துக்கு அந்தக் குறிப்பு மனப்பாடம். எழுந்து நின்று வாசித்தவரே அவர்தான். ஆனால் எதிரில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. "சந்தனத்தத் தூசின்னு சொல்ல உங்களுக்கு எப்படிங்க வாய் வருது?" என்றார் கடுமையாக. கருணாகரன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

'இறங்குபவர்' சிக்கலும் அன்றே தீர்ந்தது. எவரும் இறங்க வேண்டியதில்லை. கவசத்தைக் கிணற்றுக் கயிற்றில் கட்டிப் படகுத்துறை ஜெட்டியிலிருந்து இறக்குவது, கவசத்துக்கு வெளியே இருந்த விசையில் தம்பிராஜா கடை நூலைக் கட்டி மேலிருந்து சுண்டுவது. 'ஒருவரும் நனையாமல் கடலடியைப் படம் எடுக்கும் முறை' என்று தலைவர் அதற்குப் பெயரிட்டார்.

மறுநாள் காலை மூவரும் வெள்ளைச் சட்டை, மாலை சகிதம் ஜெட்டிக்குப் போனார்கள். முதல் காரியமாக அங்கிருந்த சம்பான் படகுக்காரரிடம் புதுக் காமிராவைக் கொடுத்து, எங்கே அழுத்துவது என்று காட்டி, பதினொரு குரூப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டாவது மீனுக்கு ஒதுக்கப்பட்டது. காமிராவைக் கவசத்துக்குள் வைத்து மூடினார்கள். சம்பான்காரர் கடலைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். "ஆயர் கெரோ, துவான்," என்றார். தண்ணீர் கலங்கலாக இருக்கிறதாம்.

அப்போதுதான் மூவரும் முதல்முறையாகக் கடலை எட்டிப் பார்த்தார்கள். பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் அது கிடந்தது. காஜா பெராங்கிலிருந்து நடந்துவரும் தூரத்தில்தான் இருந்தது. அத்தனை கூட்டத்திலும் ஒருவருக்கும் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

"அடியில தெளிவா இருக்கும்," என்றார் தலைவர்.

கவசம் இறங்கியது. நூல் சுண்டப்பட்டது. கயிற்றை இழுத்தபோது போனதைவிடக் கனமாக வந்தது. வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் சந்தன நிறத் தண்ணீர் தளும்ப, அதற்குள் ஜெர்மன் காமிரா தன் இரண்டு கண்ணாலும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தார்கள். ரப்பர் வளையத்தில் பொட்டு இருந்த இடமெல்லாம் தண்ணீர் வந்த தடம் தெரிந்தது.

"பதினொரு குரூப் போட்டோ," என்றார் கருணாகரன்.

தம்பிராஜா கைப்பையிலிருந்து வெள்ளைத் துணி எடுத்துக் காமிராவைச் சுற்றினார். தெய்வநாயகத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலிச் சுவர் ஒன்று கண்ணெதிரே நின்றது. ஊரே வசூல் கொடுத்துக் கைதட்டிய சுவர்! அன்று வீட்டுக்கு வந்தவர் டிரங்குப் பெட்டி இருந்த அறை வாசலில் வெகுநேரம் நின்றார். கோலத் துணியை வெளியே எடுத்தால் போதும். ராவும் பகலும் உட்கார்ந்து தைத்தால் முடித்துவிடுவாள். சாரதாம்பாள் கையில் ஊசிநூலோடு நிமிர்ந்து பார்த்தாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். அவருக்கு வெட்கமாக இருந்தது, கேட்கவில்லை.

கழகத்தைக் காப்பாற்றியவர் கருணாகரன். மறுநாள் காலையில் ஓடிவந்தார்.

"தலைவரே, இந்தக் கவசம் தண்ணிய உள்ள விட்டுடுச்சி, சரி. வெளிய விட்டுச்சா பாருங்க! ஒரு சொட்டு ஒழுகல!"

பாசாரில் உயிருள்ள கெளுத்தி ஒன்றை வாங்கினார்கள். காமிராவை நனையாமல் தண்ணீருக்குள் வைப்பதற்கென்று செய்த கவசத்தில் தண்ணீர் நிரப்பி, மீனைக் காயாமல் தரையில் வைத்தார்கள். கருணாகரன் கடையின் பழைய ஸ்டாண்டு காமிரா படம் எடுத்தது. வரலாற்று நிகழ்ச்சி என்பதால் மூவரும் மாலை அணிந்திருந்தார்கள். தலைவர் விளக்குப் பிடித்தார். விஞ்ஞானப் பணி முடிந்த உயிரினத்தைச் சாரதாம்பாளிடம் ஒப்படைத்தார்கள். அவள் ஒன்றும் கேட்காமல் புளி கரைத்துக் குழம்பு வைத்தாள்.

படத்தைக் கழுவிப் பெரிதாக்கியபோது ஒரு சிறு குறை தெரிந்தது. வட்டக் கண்ணாடியில் கெளுத்திக்கு மேலே தலைவரின் முகமும் விழுந்திருந்தது. மாலையும் மீசையும் மீனைவிடத் துலக்கமாக இருந்தன. வேறு எடுக்கலாமென்றால் மீன் குழம்பாகிவிட்டது. 'மலாக்கா கடலடியில் வாழும் அரிய உயிரினம்' என்று தலைப்பு எழுதிச் சுவரில் மாட்டினார்கள்.

மெர்டேக்கா நாளன்று அந்தச் சுவருக்கு முன்னால் கூடிய கூட்டம் வேறெந்தச் சுவருக்கும் கூடவில்லை. கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த தமிழ் அதிகாரி ஒருவர் படத்தின் முன் நின்று வியந்தார்.

"பிரமாதம். எவ்வளவு ஆழத்துல எடுத்தீங்க?"

"நல்ல ஆழங்க," என்றார் தெய்வநாயகம்.

"யாரு எறங்குனது?"

"கழகமே எறங்குச்சுங்க," என்றார் தெய்வநாயகம். தம்பிராஜா அதிகாரிக்கு மாலை போட்டார். அதிகாரி அதைக் கழற்றித் தெய்வநாயகத்துக்குப் போட்டார். கருணாகரன் குரூப் போட்டோவுக்கு எல்லாரையும் வரிசையாக நிற்கச் சொன்னார்.

அதிகாரி நகரவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தின் மேல்பகுதியைக் குனிந்து பார்த்தார்.

"கீழ இருக்கிறது கெளுத்தி வகைன்னு தெரியுது. மேல, மீசையோட ஒண்ணு தெரியுதே. கழுத்துல பூ மாதிரி என்னமோ இருக்கு. இது என்ன உயிரினம்?"

தெய்வநாயகம் வாயைத் திறந்தார். அதற்குள் கூட்டத்தில் நின்ற சாரதாம்பாள் முன்னால் வந்தாள்.

"அதுங்களா? அது கரையில நின்னே மாலை வாங்குற இனம்."

"அப்படியா! ரொம்ப அபூர்வமோ?"

"அபூர்வமா? நம்ம ஆளுங்க நாலு நாற்காலி போட்ட எடமெல்லாம் இருக்குங்க," என்றாள் சாரதாம்பாள். "தண்ணியிலதான் கெடைக்காது."