ஒரு சுற்று அதிகமாகச் சுற்றிய படகு

பெருமதிப்பிற்குரிய அப்பா அவர்களுக்கு,

உங்கள் இளைய பிள்ளை பணிவோடு எழுதுவது. பணிவு எத்தனை கிராம் என்று அம்மாவுக்குத் தெரியும். இங்கே நான் நலம், அக்கா நலம், படகு மட்டும் கொஞ்சம் நலமில்லை. அங்கே நீங்களும் அம்மாவும் நம் மூக்குக்கண்ணாடிக் கடையும் உங்கள் முழங்கால்களும் நலம் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் என்னை மூன்று வாக்கியத்துக்கு மேல் பேச விட்டதில்லை. நாலாவதில் "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று நழுவிவிடுவீர்கள். அதனால் எழுதி, பக்கங்களைப் படமெடுத்து அம்மாவின் போனுக்கு அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. நாங்கள் பதினோராவது. நாளை நடக்கும் பாய்மரப் படகு இறுதிப் பந்தயத்துக்கு முதல் பத்துப் படகுகள்தான் போகும். ஒரே ஒரு புள்ளியில் போச்சு. குளிர்பெட்டிக் கதவில் நீங்கள் காந்தம் வைத்து ஒட்டியிருக்கும் ஒப்பந்தம் எனக்கு மனப்பாடம்: "முதல் பத்துக்குள் வந்தால் மகளுக்கு இன்னும் நாலு வருடம் படகு. வராவிட்டால் வந்து இறங்கிய மறுநாளே கடை நாற்காலி." கீழே மூன்று பேர் கையெழுத்து. அக்கா நேற்றிலிருந்து கண் பரிசோதனைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். காற்று பலமாக இருந்தால் பாட்டுப் பாடுகிறவள் புத்தகம் புரட்டுகிறாள் என்றால் நிலைமை புரியும் உங்களுக்கு. ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான்: பதினோராம் இடத்துக்குக் காரணம் அவள் இல்லை, நான். இன்னும் துல்லியமாகச் சொன்னால் என் பின்பக்கம்.

முதலிலிருந்து சொல்கிறேன். வந்த அன்றே ஒரு நிருபர் எங்களைப் பிடித்துக்கொண்டு, இந்த இரட்டை ஓடப் படகின் 'கேட்டமரன்' என்ற பெயரே உங்கள் மொழியின் கட்டுமரத்திலிருந்து போனதாமே, அப்படியானால் கடல் உங்கள் ரத்தத்திலேயே இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் குடும்ப ரத்தத்தில் இருப்பது சர்க்கரைதான் என்றேன். அக்கா என் காலை மிதித்தாள். விளையாட்டுக் கிராமத்தில் என் அறைத்தோழர் ஒரு பளுதூக்கும் வீரர். "காத்துதானே தள்ளுது, நீங்க என்ன பண்றீங்க?" என்று தினமும் காலையில் பல் துலக்கும்போது கேட்கிறார். நீங்களும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டீர்கள். "ரெண்டு ஓடம் சேர்த்துக் கட்டியிருக்கே, ஒண்ணு மூழ்கினா இன்னொண்ணு இருக்கு, அப்புறம் என்னடா பயம்?" அப்பா, இரண்டும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. ஒன்று மூழ்கினால் மற்றது தலைகீழாக வந்து நம் மேல் விழும். இதை நான் படம் வரைந்து விளக்கியபோது நீங்கள் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டீர்கள்.

அப்புறம் அந்தத் தண்ணீர் பாட்டில். எவர்சில்வர், மூடியோடு, காலியாகவே அறுநூற்று நாற்பது கிராம். எடையைக் குறைக்க நான் படகில் ஆணியை எல்லாம் மாற்றி, கயிற்று நுனிகளை வெட்டி, வெறி முற்றிப்போய்ப் பல்துலக்கும் பிரஷ்ஷின் பிடியைக்கூட அறுத்து வைத்திருந்தேன். அது படகில் ஏறவே ஏறாது என்பது அப்புறம்தான் உறைத்தது. நீங்களோ விமானநிலைய வாசலில் அதை அக்கா கையில் திணித்து, "சுத்தி தண்ணி இருந்தா குடிக்க முடியுமா? கட்டி வச்சுக்கோ" என்றீர்கள். பிளாஸ்டிக் பாட்டில் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்பா குடுத்தது. கட்டுடா" என்றாள். சரியென்று என் பக்கம், இரண்டு ஓடங்களுக்கும் நடுவே நாங்கள் உட்காரக் கட்டிய வலையின் விளிம்பில், என் கண்ணில் படாத இடமாகப் பார்த்துக் கட்டித் தொலைத்தேன்.

நேற்று, இறுதிக்குப் பத்துப் படகைத் தேர்ந்தெடுக்கும் தொடரின் கடைசிப் பந்தயம். காற்று கன்னாபின்னாவென்று அடித்தது. ஏழாவதாக ஓடிக்கொண்டிருந்தோம், அப்பா. ஏழாவது! அதே இடத்தில் முடித்திருந்தால் மொத்தப் பட்டியலில் ஒன்பது. அக்கா சுக்கான் பிடித்திருந்தாள், நான் படகு கவிழாமலிருக்க இடுப்பில் பாய்மரக் கம்பியை மாட்டிக்கொண்டு படகுக்கு வெளியே காற்றில் மல்லாந்து தொங்கிக்கொண்டிருந்தேன். கடைசி மிதவை. அதை உரசாமல் சுற்றித் திரும்ப வேண்டும். எவ்வளவு நெருங்கித் திரும்புகிறோமோ அவ்வளவு லாபம். "இன்னும் உள்ள, இன்னும் உள்ள" என்று கத்தியது நான்தான். அக்கா திருப்பினாள். அப்போது என் பின்பக்கத்தில் 'தொப்'பென்று ஒன்று பட்டது. நான் ஐயோ என்று கத்திவிட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

"தொட்டுட்டியா?" என்றாள்.

"இல்லையே."

"டேய்."

"லேசா. ஏதோ பட்ட மாதிரி."

"சுத்தறேன், பிடிச்சுக்கோ."

"அக்கா, வேணாம்! யாருமே பாக்கல!"

"உனக்குத் தெரியுமில்ல? அது போதும்."

இந்த விளையாட்டில் இதற்கெல்லாம் யாரும் விசில் ஊத மாட்டார்கள், அப்பா. மிதவையைத் தொட்டவர் தானே படகை அங்கேயே ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். தொட்டது அவருக்கு மட்டும் தெரிந்தாலும் சரி. சாதாரணப் படகென்றால் பம்பரம் மாதிரி சுற்றிவிடும். இரட்டை ஓடத்தைச் சுற்றுவது, நம் மாடிப்படியில் கட்டிலைத் திருப்பின மாதிரி. நீங்கள் கீழே நின்று "இடது, இடது, உன் இடது" என்று கத்தினீர்களே, ஞாபகம் இருக்கா? பதினெட்டு வினாடி. நான் எண்ணினேன். ஒரு படகு போச்சு, ரெண்டு போச்சு, மூணாவது ஓட்டுநர் போகிற போக்கில் கையை வேற ஆட்டிட்டுப் போறான். மனுஷனுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க! அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ராத்திரி தூங்கியிருப்பேன்.

எனக்கு இந்த நேர்மை, தர்மம் பற்றியெல்லாம் பேசத் தெரியாது. ஆனால் கடையில் வாங்கிய கண்ணாடி பவர் தப்பென்று நீங்களாகவே ஒருத்தர் வீட்டுக்கு மழையில் தேடிப்போய் மாற்றிக் கொடுத்தீர்கள். அவருக்கு அது தப்பென்றே தெரியாது. அக்கா அப்போது உங்கள் ஸ்கூட்டரின் பின்னால் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள். அதனால் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கடைக்கு ஆள் வேண்டுமென்றால் என்னை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வாடிக்கையாளர்களிடம் பொறுமை கிடையாது, ஆனால் திருகாணி நன்றாக முடுக்குவேன். ஒப்பந்தத்தில் "பத்து" என்பதைப் "பதினொன்று" என்று திருத்தி ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் கேட்கிறேன்.

அம்மாவின் கைகளுக்கும் உங்கள் கால்களுக்கும் என் வணக்கம். முழங்காலுக்குத் தைலம் தடவுங்கள், படியேறாதீர்கள்.

இப்படிக்கு,
குற்றத்தை ஒப்புக்கொண்ட உங்கள் மகன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை அப்படியே விட்டுவிடுங்கள், நிலைமை மாறிவிட்டது. இப்போதுதான் எங்கள் பயிற்சியாளர், மேலே பறந்த கேமரா எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினார். மிதவைக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. நான் எதையும் தொடவில்லை. வலையோரத்திலிருந்து அவிழ்ந்து, கயிற்றில் ஊஞ்சலாடி வந்து என்னைப் பின்னாலிருந்து அடித்தது உங்கள் எவர்சில்வர் பாட்டில். நாங்களாகச் சுற்றிய சுற்றைத் திருப்பித் தர விதியில் இடமில்லையாம், ஆகவே பதினோராவது பதினோராவதுதான். ஆனால் காரணம் நான் இல்லை, அக்காவும் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மூன்றாவது ஆள். அவர் திணித்த சாமானால் வந்த தோல்விக்கு அவரே தண்டனை விதிப்பது எந்த ஊர் நியாயம்? ஒப்பந்தத்தைக் கிழித்து, கிழித்ததைப் படமெடுத்து அனுப்பவும். அக்கா நேற்றைக்குப் பிறகு இப்போதுதான் சிரித்தாள், இன்னும் நிறுத்தவில்லை. முடிச்சுப் போட்டது யார் என்பதையும் எழுதச் சொல்லி என் தோளை இடிக்கிறாள். தாளில் இடமில்லை.