குண்டானில் வெந்த துப்பாக்கி

வெதுவெதுப்பு என்றால் எவ்வளவு சூடு?

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. இத்தனைக்கும் நான் வேதியியல் படித்தவள். தண்ணீர் எத்தனை டிகிரியில் உறையும், எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று எப்போது கேட்டாலும் சொல்வேன். நடுவில் எங்கோ கிடக்கும் இந்த வெதுவெதுப்பைத்தான் எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை. அதனால் ஒரு துப்பாக்கி வெந்துபோனது.

என் மாமனார் சரித்திர வாத்தியார். திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் வேலை என்று முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் போய்வந்து, ஓய்வு பெற்றவர். செஞ்சிக் கோட்டைப் பாடம் வந்தால் அந்தக் காலத்துச் சிக்கிமுக்கிக் கல் கைத்துப்பாக்கியைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவாராம். முப்பத்தோரு வருடமும் அது வாத்து மாதிரிதான் வந்தது என்று அவரே ஒப்புக்கொள்வார். பழைய பள்ளிக்கூடத்தில் கண்காட்சி, வந்து பேசுங்கள் என்று கூப்பிட்டபோது, இந்த முறையாவது வாத்தைக் காட்டக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்.

அவருடைய சிநேகிதர் சலீம் பாய், புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்துக்காரர், பிரெஞ்சு படித்தவர், ஒரு பெட்டியோடு வந்தார். பாயின் அண்ணன் எப்போதோ பிரான்சிலிருந்து கொண்டுவந்து, பிரிக்காமலே பரண்மேல் போட்டிருந்தது. உள்ளே அசல் அளவில் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, துண்டு துண்டாக. கொடியில் காய் காய்த்ததுபோல் ஒரு சட்டத்தில் முப்பத்தெட்டுப் பாகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். கிள்ளி எடுத்து, நம்பர் பார்த்து ஒட்ட வேண்டும். குழல் மட்டும் இடது பாதி, வலது பாதி என்று இரண்டாக இருந்தது.

மாமாவுக்கு அப்போதுதான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. பெட்டியை என் முன்னால் வைத்தார்.

"நீ லேப்ல எல்லாம் வேல செஞ்ச பொண்ணும்மா. ஒங்கையாலயே ஒட்டிக் குடு."

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். (அதற்கு முன் "காப்பி" என்பார். சில நாள் "மோர்".) எனக்கு மெடல் குத்திவிட்டதுபோல் இருந்தது. அந்த மெடலைக் காப்பாற்ற வேண்டும் என்கிற பயமும் கூடவே வந்தது.

செய்முறைத் தாள் பிரெஞ்சில் இருந்தது. பாய் படித்துச் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். முதல் வரியே இதுதான்: ஒட்டுவதற்கு முன் பாகங்களை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசவும்.

இங்கே ஜெனியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜெனி என் மகள். அப்போது எட்டு மாதம். தவழ ஆரம்பித்திருந்தாள். கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான். சீப்பு, செருப்பு, ஒருநாள் மாமாவின் மூக்குக் கண்ணாடி. பெட்டிக்குள்ளோ இரண்டு பல்லி முட்டையும், பரணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கரப்பான்களின் அடையாளங்களும் இருந்தன. வெதுவெதுப்பான தண்ணீர் கரப்பானுக்குப் போதுமா? பிரெஞ்சுக்காரர்கள் வீட்டில் பல்லி உண்டா? தாளை எழுதியவருக்குக் குழந்தை இருந்திருக்குமா? ஒருநாள் முழுக்க யோசித்தேன். பால்புட்டியை இருபது நிமிஷம் கொதிக்க வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பால்புட்டியும் பிளாஸ்டிக், துப்பாக்கியும் பிளாஸ்டிக். (வேதியியல் படித்தவளின் முடிவு இது. என் பேராசிரியை இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.)

பால்புட்டிக் குண்டானை அடுப்பில் ஏற்றினேன். சின்னப் பாகங்களைத் துணியில் மூட்டை கட்டினேன். குழலின் இரண்டு பாதியும் தனித்தனியாகப் போய்விடக் கூடாதே என்று சேர்த்து வைத்து நூலால் சுற்றி, குண்டானுக்குள் சாய்த்து வைத்தேன். மூடினேன். கடிகாரத்தைப் பார்த்தேன்.

பதினைந்தாவது நிமிஷம் அத்தை, அதாவது என் மாமியார், அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா வெச்சிக்கினு இருக்க? பெயிண்ட் வாடை வருது."

"துப்பாக்கிங்க அத்த."

அவர் மூடியைத் திறந்து பார்த்தார். மறுபடி மூடினார். "வெந்துடுச்சி, எறக்கிடு" என்றார்.

குழல் குண்டானின் வளைவை அப்படியே வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பாதியும் சேர்ந்து, கொஞ்சமும் பிசகாமல், ஒரே மாதிரி இடது பக்கம் வளைந்திருந்தன. என் முன்யோசனை வேலை செய்தது அந்த ஒரு விஷயத்தில்தான். கைப்பிடி லேசாகச் சிரித்தது. விசை அப்பளத்தின் ஓரம்போல் சுருண்டிருந்தது. மறுபடி சூடாக்கி இழுத்துப் பார்த்தேன். இடது பக்கம் மட்டும் வளைந்திருந்தது, இப்போது இடது பக்கமாகவும் கொஞ்சம் மேலேயும் வளைந்தது. அதற்கு மேல் இழுக்கப் பயமாக இருந்தது. கண்காட்சி மறுநாள். பெட்டியிலிருந்த பசை கல்லாகிக் கிடந்ததால், தண்ணீர்க் குழாய் ஒட்டும் பசையைக் கணவரிடம் வாங்கிவரச் சொல்லி, அழுதுகொண்டே முப்பத்தெட்டையும் ஒட்டினேன்.

மாமா அதை விடைத்தாள் திருத்துகிற மாதிரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"கொழல் எப்பிடிம்மா இப்பிடி ஆச்சி?"

"கொதிக்க வெச்சேங்க மாமா."

"எதுக்கு?"

"பாப்பா வாயில வெச்சிட்டான்னா..."

"துப்பாக்கியவா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை என் கணவரைப் பார்த்து, "உன்ன இன்னும் கொதிக்க வெக்காம வுட்டு வெச்சிருக்காளே, அது போதும்டா" என்றார்.

மாமா திட்டவில்லை. அதுதான் பேஜாராகப் போய்விட்டது. திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன். மறுநாள் துப்பாக்கி அதன் பெட்டிக்குள் நுழைய மறுத்ததால் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். குற்ற உணர்ச்சியில் நானும் ஜெனியைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பினேன். விழுப்புரம் பஸ்ஸில் முன்சீட்டு அம்மாள் திரும்பி, முருங்கைக்காய் எங்கே வாங்கினது என்று கேட்டார். மாமா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கண்காட்சியில் துண்டைப் பிரித்து மேஜையில் வைத்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கையில் நோட்டு, காதில் பென்சில், என்னைப் போலவே சந்தேகப் பிராணி, நேராகக் கேட்டாள்.

"சார், கொழல் ஏன் சார் வளைஞ்சிக்கினு இருக்கு?"

நான் ஜெனியின் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். மாமாவைப் பற்றி ஒன்று தெரிய வேண்டும். ஒரு வருடத்தைத் தப்பாக எழுதியதற்குச் சொந்தப் பிள்ளைக்கே அரை மார்க் குறைத்தவர் அவர். மருமகள் வேக வைத்துவிட்டாள் என்று சொல்லப்போகிறார், நான் ஜெனியோடு விழுப்புரத்திலேயே இருக்கும் என் அம்மா வீட்டில் தங்கிவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"கோட்ட மூலையில நிக்கிறவன் தலைய நீட்டாமலே, அந்தாண்ட பக்கம் ஒளிஞ்சிக்கினு இருக்கறவன சுடறதுக்கு."

அந்தப் பெண் காதிலிருந்த பென்சிலை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். பின்னால் நின்ற தலைமையாசிரியரும் எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் மாமா மடியிலிருந்த துண்டை இறுக்கிச் சுற்றினார். பிறகு கேட்டார்.

"வெதுவெதுப்புன்னுதானேம்மா எழுதிக்கின?"

"ஆமாங்க மாமா."

"சரி" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குளிக்க வெந்நீர் போட என்னை விடுவதில்லை. தப்பித்தவறி நான் போட்டால் என் கணவர், "வெதுவெதுப்பா போதும்மா, நான் நேரா நடந்து ஆபீஸ் போவணும்" என்பார். ஜெனி இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், அவளும் சொல்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் விஷயம் இன்னும் மோசம். அந்த மூலைத் துப்பாக்கியோடு வாருங்கள் சார் என்று வருடா வருடம் கூப்பிடுகிறார்கள். பரீட்சையில் பிள்ளைகள் அதை எழுதுகிறார்களாம். மார்க்கும் போடுகிறார்களாம். மாமா ஒவ்வொரு வருடமும் தொண்டையைச் செருமிக்கொண்டு அதே வாக்கியத்தைச் சொல்கிறார்.

போன மாதம் ஜெனி அலமாரியிலிருந்து துப்பாக்கியை இழுத்துப்போட்டு நான்காக உடைத்துவிட்டாள். செய்தி கோட்டக்குப்பம் போய், பாய் அண்ணன் வீட்டைக் குடைந்து, அதேபோல் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்துவிட்டார். அது இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. என்ன செய்ய என்று மாமாவைக் கேட்டால், "உன் இஷ்டம்மா" என்கிறார். அத்தையோ அந்தப் பழைய குண்டானைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

கண்காட்சிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. நேராகச் செய்தால் அத்தனை பிள்ளைகள் முன்னாலும் மாமா பொய் சொன்னவர் ஆகிவிடுவார், அதுவும் எனக்காகச் சொன்ன பொய். வளைத்துச் செய்தால் இன்னொரு துப்பாக்கியையும் நானே வேக வைத்த பாவம். விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். வளைக்கத்தான் வேண்டும் என்றால், இருபது நிமிஷமா, பதினைந்து போதுமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். போன தடவை கொஞ்சம் மேலேயும் வளைந்திருந்தது. பிள்ளைகள் கவனித்திருப்பார்கள்.