மிளகு போட்ட சர்க்கரைப் பொங்கலும் சங்கரகணேஷ் கல்யாணமும்

சங்கரன்கோவில்,
சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய அண்ணாச்சி புன்னைவனம் அவர்கள் சமூகத்துக்கு, தம்பி நெல்லைநாயகம் பணிந்து எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். இங்கு நானும், ராஜராஜேஸ்வரியும், மகன் சங்கரகணேஷும் கோமதியம்பாள் தயவில் சௌக்கியம். மும்பையில் உங்கள் முழங்காலும் மதினியின் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கி இருக்கின்றனவா என்று அறிய ஆவல்.

போன வாரம் நான் போனில் சொன்னதில் பாதி உங்கள் காதில் விழவில்லை. விழுந்த பாதிக்கு நீங்கள் கோபப்பட்டீர்கள். "ஏலே, எதுவானாலும் எழுத்துல தா. பங்காளி வீட்டுல பொண்ணு எடுக்கேன்னு தெரிஞ்சா பந்தக்கால் நட நான் வரமாட்டேன், பத்திரிகையில என் பேரையும் போடாத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். நம் வீட்டுக்கு மூத்தவர் நீங்கள். நீங்கள் இல்லாமல் பந்தக்கால் நட்டால் ஊர் நாலு விதமாகப் பேசும் என்பது ஒருபுறம் இருக்கட்டும், எனக்கே மனசு கேட்காது. ஆகவே காலமெல்லாம் வருவாய் ஆய்வாளராகக் குப்பை கொட்டியவன் என்ற முறையில், நடந்ததை ஒரு விசாரணை அறிக்கையாகவே கீழே தருகிறேன்.

ஓய்வு பெற்றதிலிருந்து நான் நம் குடும்ப வரலாறு எழுதிவருவது தாங்கள் அறிந்ததே. ஊரில் யார் வாரிசுச் சான்று கேட்டு மனுப் போட்டாலும், இறந்தவருக்கு இன்னொரு சம்சாரம் உண்டா இல்லையா என்பதுவரை தோண்டி எடுத்தவன் நான். அப்பேர்ப்பட்டவன், சொந்தக் குடும்பத்தில் பூட்டனுக்கு மேலே யார் என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறேன். அதைவிட வெட்கம், நமக்கு எந்த சாஸ்தா என்றே தெரியாதது. பங்குனி உத்திரம் வந்தால் இந்தப் பக்கத்தில் அவனவன் வேன் பிடித்து, பானையும் விறகுமாகத் தன் குலதெய்வமான சாஸ்தாவைப் பார்க்கக் குளத்தங்கரைக்கும் காட்டுக்கும் போகிறான். நாம் மட்டும் வீட்டிலேயே விளக்கேற்றி, எந்த சாஸ்தாவாக இருந்தாலும் வந்து ஏற்றுக்கொள்ளட்டும் என்று பொதுவாக ஒரு சர்க்கரைப் பொங்கலைப் படைத்துவிட்டுச் சாப்பிடுகிறோம். அந்தப் பொங்கலில் மிளகு தட்டிப் போடுவது நம் வீட்டு வழக்கம். நீங்கள் சின்ன வயதிலேயே மும்பைக்குப் போய்விட்டதால் மறந்திருக்கலாம், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். பழைய பத்திரங்களில் பூட்டனுக்கு மேலே ஒன்றும் அகப்படாததால் நான் இந்த மிளகைப் பிடித்துக்கொண்டேன். சர்க்கரைப் பொங்கலில் வேறு யாரும் மிளகு போடுவதில்லை, நாம் போடுகிறோம், மிளகு விளைவதோ மலைக்கு மேற்கே, ஆகவே நம் முன்னோர் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பொதிமாட்டில் மிளகு கொண்டுவந்த பெரும் வணிகர்கள் என்று முதல் அத்தியாயத்தை முடித்து உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். மாடு நூறா, ஆயிரமா என்று நீங்கள்கூட ஆர்வமாகக் கேட்டிருந்தீர்கள். ஆயிரம் என்றே போட்டிருக்கிறேன்.

இந்த நிலையில்தான் மேலநீலிதநல்லூர் கோமதிசங்கர் மகள் சிவப்ரியாவின் ஜாதகம் நம் சங்கரகணேஷுக்குப் பொருந்தி வந்தது. பையனுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. இதுவரை பார்த்த இடங்களில் ஒன்றில் தோஷம் என்றார்கள், ஒன்றில் தென்காசி வங்கி வேலை போதாது, வெளிநாடு வேண்டும் என்றார்கள், ஒன்றில் காரணமே சொல்லாமல் காப்பியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இந்தப் பெண்ணோ திருவேங்கடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், ஸ்கூட்டரில் போய்வருகிறது, நம் பையன் சொல்லும் வங்கிக் கதைகளுக்கு உண்மையிலேயே சிரிக்கிறது. இரண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்த பிறகு அவன் மொட்டை மாடிச் செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினான். பங்குனி உத்திரத்தன்று சாயங்காலம் நல்ல நேரம் என்று நாங்கள் மூவரும் பெண் பார்க்கப் போனோம். பஜ்ஜி வரும் என்று இருந்தேன். வாழையிலை நறுக்கில் சர்க்கரைப் பொங்கல் வந்தது. "அண்ணாச்சி, காலையில எங்க சாஸ்தாவுக்குப் படைச்சது, ஒரு வாய் சாப்பிடுங்க" என்றார் கோமதிசங்கர். வாயில் வைத்தேன். வெல்லம், நெய், ஏலக்காய், அதற்குப் பின்னாலேயே சுருக்கென்று மிளகு. காலையில் நம் வீட்டில் சாப்பிட்ட அதே பொங்கல். கோமதிசங்கரும் ஒரு வாய் வைத்துவிட்டுப் புரையேறித் தண்ணீர் குடித்தார். எனக்கோ, படையல் ஒன்றானால் சாஸ்தாவும் ஒன்றாயிற்றே என்று புத்தி ஓடியது.

தாங்கள் அறியாததல்ல, இருந்தாலும் அறிக்கை என்பதால் எழுதுகிறேன். ஒரே சாஸ்தாவுக்குப் படைக்கிறவர்கள் பங்காளிகள். அண்ணன் தம்பி வகை. அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் கிடையாது, எடுப்பதும் கிடையாது. நான் வருஷக்கணக்காகத் தேடிய சாஸ்தா கடைசியில் அகப்பட்டார், அதுவும் பெண் பார்க்கப் போன வீட்டில், இலையில் வைத்து. பெண் வந்து கும்பிட்டபோது "நல்லா இரும்மா" என்று சொல்வதற்குப் பதிலாக, "உங்க பூட்டனார் பேரு என்ன?" என்று கேட்டேன். ராஜேஸ்வரி என் காலை மிதித்தாள். அன்றிலிருந்து நிச்சயத்துக்கு நாள் குறிக்கலாமா என்று கோமதிசங்கர் போன் பண்ணும்போதெல்லாம், முதலில் எனக்கு இடுப்புப் பிடிப்பு என்றேன், பிறகு குருப்பெயர்ச்சி என்றேன், பிறகு போனை எடுக்காமல் சார்ஜ் இல்லை என்றேன். மனசு தாங்காமல்தான் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் போட்ட சத்தம் பக்கத்து அறையில் இருந்த பையனுக்கும் கேட்டுவிட்டது.

அவன் சண்டை போட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். நேரே வந்து எதிரே உட்கார்ந்தான். "அப்பா, நமக்கு எந்த சாஸ்தான்னு இவ்வளவு காலம் தெரியாமத்தான இருந்தீய? இன்னும் ஒரு ஆறு மாசம் தெரியாம இருந்தா என்ன?" என்றான். மொட்டை மாடிச் செடிகளும் வாட ஆரம்பித்தன. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், பங்காளி இல்லை என்பதற்கு எங்காவது ஓர் ஆதாரம் அகப்படாதா என்று ஆவணங்களைத் தேடிப் புறப்பட்டேன்.

அண்ணாச்சி, அந்தக் கதையை என்னவென்று சொல்ல. மனுப் போட்டு, முத்திரைத்தாள் வாங்கி, கண்ணாடி போட்டாலும் புலப்படாத பழைய பத்திர நகல்களை எடுத்துவந்து, நம் குடும்பத்தை இடது பக்கமும் அவர்கள் குடும்பத்தை வலது பக்கமும் கட்டிலில் பரப்பினேன். நம் பக்கத்தில் சங்கரலிங்கம் மகன் கோமதிநாயகம், கோமதிநாயகம் மகன் சங்கரலிங்கம். அவர்கள் பக்கத்திலும் கோமதிநாயகம் மகன் சங்கரலிங்கம், சங்கரலிங்கம் மகன் கோமதிநாயகம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிள்ளை பிறந்தால் சுவாமி பெயரை வைப்பார்கள், அடுத்த பிள்ளைக்கு அம்பாள் பெயரை வைப்பார்கள், அதற்குமேல் யோசிக்கவே மாட்டார்கள் போலிருக்கிறது. கோமதிநாயகம் புஞ்சைக்குக் கிழக்கே கோமதிநாயகம் புஞ்சை, அதற்கும் கிழக்கே வண்டிப்பாதை. மின்விசிறிக் காற்றில் இரண்டு பக்கத்துக் காகிதமும் கலந்துபோனதும் எது நம் குடும்பம், எது அவர்கள் குடும்பம் என்று எனக்கே தெரியவில்லை. நான் தரையில் உட்கார்ந்து காகிதம் பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் ராஜேஸ்வரி கீரையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒன்னு கேக்கேன். உங்க வீட்டுல அந்தக் காலத்துல பொங்கல் வச்சது யாரு, உங்க பூட்டனா?"

"ஆம்பளை எங்கே பொங்கல் வைப்பான்?"

"உங்க தாத்தா?"

"அவருக்கு அடுப்புப் பத்த வைக்கவே தெரியாதே."

"அப்பம் மிளகு மட்டும் எப்படி ஆம்பளை வழியா வரும்? நிலம் உங்க அப்பா வழியா வந்துது, சரி. சமையல் கட்டி வந்தவ கூடல்லா வரும்? உங்க பூட்டி எந்த ஊரு?"

எனக்குத் தெரியவில்லை அண்ணாச்சி. ஊர் மட்டுமல்ல, பெயரும் தெரியவில்லை. தாயார் பெயர் எழுதாமல் வந்த மனுவையெல்லாம் திருப்பி அனுப்பியவன் நான். கட்டிலில் கிடந்த அத்தனை காகிதத்தையும் புரட்டினேன், ஒரு பெண் பெயர் இல்லை. உண்மையிலேயே வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் ராஜேஸ்வரி மேலநீலிதநல்லூருக்கு டவுன் பஸ் ஏறினாள். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீங்க வந்தா வாரிசு விசாரணைன்னு நினைச்சுக் கதவைச் சாத்திருவாக" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெண்ணின் அம்மா வடிவம்மாளும் அவளும் மத்தியானம் முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். சாயங்காலம் தலை நிறையப் பூவோடு திரும்பிவந்தவள் செருப்பைக் கழற்றும்போதே முடிவைச் சொல்லிவிட்டாள்.

"அவுக வீட்டுல ஆவுடையம்மான்னு ஒருத்தி இருந்திருக்கா. சங்கரன்கோவிலுக்குக் கட்டிக் குடுத்தாகளாம். புகுந்த வீட்டுக்கு சாஸ்தா தெரியாதுன்னதும், பொறந்த வீட்டுப் படையலைக் கையோட கொண்டு வந்துட்டாளாம். அவதான் உங்க பூட்டி."

"எழுத்துல ஏதாவது இருக்கா?"

"பொங்கல் என்ன எழுத்துலயா இருக்கு? வடிவு மதினி சொன்னாக."

ஆகவே அண்ணாச்சி, விசாரணையில் தெரியவருவது யாதெனில், மேற்படி குடும்பத்தார் நமக்குப் பங்காளிகள் அல்லர். அவர்கள் வீட்டுப் பெண் நம் வீட்டுக்கு வாழவந்தவள். மாமன் மச்சான் வகை. அந்த வீட்டிலிருந்து மறுபடியும் ஒரு பெண் எடுப்பது முறைதான். நம் சாஸ்தா இன்னும் அகப்படவில்லை என்பது ஒரு குறைதான், ஆனால் யாருக்கும் தெரியாமல் இருந்த ஆவுடையம்மாள் அகப்பட்டாள். எந்தப் பத்திரத்திலும் இல்லாதவள், ஒரு பிடி மிளகை மட்டும் நமக்கு விட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் அத்தியாயத்தில் இருந்த ஆயிரம் மாட்டையும் அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினேன். பையனிடம் சொன்னேன். வாளியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். வெகுநாளைக்குப் பிறகு அன்று எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

நிச்சயம் இந்த மாதக் கடைசியிலும் கல்யாணம் வைகாசியிலும் வைத்துக்கொள்ளலாம் என்று உத்தேசம். பத்திரிகையில் தங்கள் பெயரை முதலில் போட்டு எழுதிவைத்திருக்கிறேன், அச்சுக்குக் கொடுக்கத் தங்கள் உத்தரவு வேண்டும். மதினிக்கு எங்கள் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். அம்பாள் கிருபையால் தங்கள் முழங்கால் ரயிலேறும் அளவுக்குச் சொஸ்தமாக வேண்டுகிறேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
நெல்லைநாயகம்

பி.கு.: உறையில் போடுமுன் பிழை இருந்தால் பார் என்று ராஜேஸ்வரியிடம் கொடுத்தேன். முழுக்க வாசித்துவிட்டு, "பிழை ஒன்னே ஒன்னுதான். ஆவுடையம்மான்னு யாரும் கிடையாது" என்றாள். கல்யாணமாகி வந்த வருஷம் உத்திரத்துக்கு அவள்தான் பொங்கல் வைத்தாளாம். வெண்பொங்கல் என்று நினைத்து மிளகைப் போட்டுவிட்டாள். நம் அம்மா வெல்லத்தை எடுத்துக் கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பயந்துகொண்டே பரிமாறினாள், அப்பா ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார், மறு வருஷம் நானே "மிளகு எங்கே?" என்று கேட்டேனாம். "சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்கிறாள். மேலநீலிதநல்லூரில் எப்படி மிளகு வந்தது என்று கேட்டேன். "ஜாதகம் வாங்கப் போனப்பம் சம்பந்திக்கு என்ன பிடிக்கும்னு வடிவு மதினி கேட்டாக. சர்க்கரைப் பொங்கல்ல மிளகு போட்டுருங்க, வேற ஒன்னும் வேண்டாம்னேன். பாவம், சாஸ்தா பொங்கல்லயே போட்டுட்டாக." இதை முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே என்றேன். "நீங்க ஆயிரம் மாட்டை ஓட்டிக்கிட்டு வந்தீய, நடுவழியில எப்படி நிறுத்தச் சொல்ல? பெறவு சொன்னா, கல்யாணம் நடக்கணும்னு பொய் சொல்லுதேன்னுல்லா நினைப்பீய. அதான் உங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு பூட்டியை வச்சோம்" என்றாள்.

எனவே மேலே எழுதிய அனைத்தும் இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது, கல்யாணம் நீங்கலாக. அவர்களுக்கும் நமக்கும் எந்த வகையிலும் எந்த உறவும் கிடையாது, தாராளமாகப் பந்தக்கால் நடலாம். எனக்குக் கோபம் வரவில்லை அண்ணாச்சி, சிரிப்புத்தான் வந்தது. குடும்ப வரலாற்றைப் புதிதாக ஆரம்பித்து, மிளகு போட்ட முதல் ஆள் என்ற முறையில் ராஜராஜேஸ்வரி, பிறந்த ஊர் குருவிகுளம் என்று தலைப்பில் எழுதினேன். எழுதிய சந்தோஷத்தில், "உங்க அம்மா பொறந்தது எந்த ஊரு?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. "இப்பமாவது கேட்டீயளே" என்று முகமெல்லாம் மலர்ந்து, "மேலநீலிதநல்லூர்" என்றாள்.

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. பேனாவை மூடிவிட்டேன். பந்தக்காலுக்கு முந்தின நாளே வந்துவிடுங்கள்.