மூன்றாவது அடுக்கின் வெண்புகை

"இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க மேடம். புகை பத்தல."

"இதுக்கு மேல தூக்கினா உள்ள இருக்கறது சூடாயிடும் சார்."

"ஒரே ஒரு தடவை மேடம். முகத்துல கொஞ்சம் சிரிப்பு. நீங்க உலகத்தைக் காப்பாத்தறீங்க, ஞாபகம் இருக்கட்டும்," என்றார் புகைப்படக்காரர்.

அதை அந்த நிறுவனத்தில் யாரும் மறந்ததே கிடையாது. நெருப்பைக் கண்டவன், சக்கரத்தை உருட்டியவன் ஆகியோருக்கு அடுத்தபடியாக மனித குலம் கைகூப்ப வேண்டியது அந்த நான்காவது மாடியைப் பார்த்துத்தான். நோய் எதிர்ப்புச் சக்தி கெட்டுப்போனவர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை எடுப்பது, அவற்றின் கோளாறைச் சரிசெய்வது, உறையவைப்பது, பிறகு அவர்கள் உடம்புக்கே திருப்பிச் செலுத்துவது. இதுதான் மகத்தான திட்டம். இதில் உறையவைப்பது வரை வந்திருந்தார்கள். வந்த இடத்தில் புகையைக் கண்டுபிடித்ததால், மேற்கொண்டு நகர வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

புகை தற்செயலாகத்தான் கிடைத்தது. ஆய்வக மூலையில் நெஞ்சு உயரத்துக்கு ஓர் எஃகுத் தொட்டி. உள்ளே, செல்களை உறைநிலையில் வைக்கும் கடுங்குளிர்த் திரவ நைட்ரஜன். மூடியைத் திறந்தால் பால் பொங்குவதுபோல வெண்புகை பொங்கி, தரையில் வழிந்து, பார்ப்பவர் காலைத் தழுவும். முதல் முதலீட்டாளர் தன் பாதங்கள் மறைவதைக் குனிந்து பார்த்தார். "இதுதான் அறிவியல்!" என்றார். காசோலையில் கையெழுத்துப் போட்டார். புகைப்படம் என்ற சொல்லுக்கே அன்றுதான் பொருள் கிடைத்தது.

கையுறையும் முகக்கவசமும் அணிந்து, தொட்டிக்குள்ளிருந்து செல்கள் வைத்த அடுக்கைத் தூக்கிப் பிடித்து நின்றவள் ஆய்வகப் பொறுப்பாளர். உடன் வேலை செய்பவர்களுக்கெல்லாம் அவள் 'அக்கா'. அந்தப் பட்டத்துக்கு ஒரு காரணம் உண்டு. தொட்டியின் மூன்றாவது அடுக்கில் உறைந்திருந்தவை அவளுடைய சொந்தத் தம்பியின் செல்கள்.

தம்பி செல்போன் பழுது பார்ப்பவன். அடுத்த தெருவில் யாராவது தும்மினால் இவன் ஆஸ்பத்திரியில் படுப்பான். நிறுவனத்தின் முதல் நோயாளி அவன்தான். திங்கட்கிழமை அவனுடைய பழைய மஜ்ஜையை மருந்து கொடுத்து அழித்துவிடுவார்கள். அப்புறம் இந்தச் செல்கள்தான் அவனுக்கு எல்லாம். இன்னொரு தடவை எடுக்க உடம்பில் தெம்பில்லை என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

ஐந்து அடுக்குகள் இருந்தும் தூக்கிக் காட்டப்படும் பாக்கியம் மூன்றாவதற்கே கிடைத்தது. நிறுவனர் அதற்கு 'உணர்வுபூர்வமான அடுக்கு' என்று பெயர் சூட்டியிருந்தார்.

"இது யாரோடது தெரியுமா? இவங்க கூடப்பொறந்த தம்பியோடது!" என்று அவர் குரல் தழுதழுக்கும்போது, வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். துடைத்து முடித்ததும், "இன்னொரு தடவை திறங்களேன், என் மனைவி வீடியோ கால்ல இருக்கா," என்பார்கள்.

அக்கா திறப்பாள். பணம் வந்தால் ஆராய்ச்சி நடக்கும், ஆராய்ச்சி நடந்தால் தம்பி பிழைப்பான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. முதலீட்டாளருக்குத் திறந்தாள். முதலீட்டாளரின் ஜோசியருக்குத் திறந்தாள். வரவேற்பறைக்கு நாற்காலி கொண்டுவந்தவர் மாடிவரை சுமந்த களைப்பில் எட்டிப் பார்த்தபோது, "பாவம், அவருக்கும் காட்டிடுங்க," என்று நிறுவனரே பரிந்துரைத்தார். சமத்துவத்தில் அந்த நிறுவனத்தை விஞ்ச ஆளில்லை.

ஒருநாள் அக்காவுக்குப் பயம் வந்தது. கூட்டத்தில் எழுந்தாள்.

"சார், இப்படித் தினம் வெளிய எடுத்தா செல்லுக்கு ஆகாது. சின்னதா ஒரு காலித் தொட்டி வாங்கி நைட்ரஜன் மட்டும் ஊத்தி வைப்போம். வர்றவங்களுக்கு அதைத் திறந்து காட்டலாம். அதே புகைதான்."

நிறுவனர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மிக வருத்தமான தருணங்களில் மட்டுமே அவர் அப்படிச் செய்வார்.

"காலித் தொட்டியைக் காட்டி ஊரை ஏமாத்தச் சொல்றீங்களா?"

"ஏமாத்தறது இல்ல சார், செல்லைக் காப்பாத்தறது..."

"சுவத்துல என்ன எழுதியிருக்கு? படிங்க."

அக்கா படித்தாள். "வெளிப்படைத்தன்மையே எங்கள் மூச்சு."

"புகைக்குள்ள உண்மை இருக்கணும் மேடம். உங்க தம்பி விஷயத்துல போய் நான் பொய் சொல்வேனா?"

விளம்பரப் பிரிவுக்காரர் நெகிழ்ந்து கைதட்டினார். நேர்மைக்கு ஆதரவாகத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அக்காவுக்கு 'வருகையாளர் அனுபவத் தலைவர்' என்ற கூடுதல் பதவியும் அளிக்கப்பட்டது. சம்பளம் பழையதுதான். கையுறை புதிது.

புகைப்படக்காரர் வந்துபோன அன்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. செல்கள் இருந்த பையோடு சேர்த்து, சோதனைக்கென்றே அதே அடுக்கில் சிறு குப்பி ஒன்றை வைத்திருந்தார்கள். அதை எடுத்து உருக்கி, நீலச் சாயம் விட்டு, நுண்ணோக்கியில் பார்த்தாள். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது. செத்த செல் நீலமாகிவிடும். கண்ணில் பட்டதெல்லாம் ஒரே நீலம். தட்டை நகர்த்திப் பார்த்தாள். அங்கேயும் நீலம். நுண்ணோக்கியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். நீலம்.

நிறுவனரிடம் போய் நின்றாள்.

"மூணாவது அடுக்கு செத்துப்போச்சு சார்."

"உஷ்! 'செத்து'ங்கற வார்த்தை இந்தக் கட்டடத்துல வேண்டாம். 'செயல்பாடு ஒத்திவைக்கப்பட்டுள்ளது'ன்னு சொல்லுங்க."

"சார், என் தம்பிக்குத் திங்கட்கிழமை..."

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார் நிறுவனர். "அதேதான் நானும் யோசிக்கறேன். செவ்வாய்க்கிழமை பெரிய முதலீட்டாளர் வர்றார். அதுவரைக்கும் இது வெளிய போகக் கூடாது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க, தொட்டியில புகை வருமில்ல?"

அக்கா அவரையே பார்த்தாள். "வரும் சார். புகை வர்றதுக்கு உள்ள உயிர் இருக்கணும்னு அவசியமில்ல."

"பாத்தீங்களா!" என்று துள்ளி எழுந்தார் நிறுவனர். "எவ்வளவு உறுதியான தொழில்நுட்பம்!"

அக்கா அடையாள அட்டையைக் கழற்றி அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். படிக்கட்டில் இறங்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து திங்கட்கிழமை மருந்தை நிறுத்தச் சொன்னாள். மறுமுனையில் மருத்துவர் காரணத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நிறுத்திடறேன். ஆனா அவர்கிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்க," என்றார்.

கிருமி அண்டாதபடி அடைத்திருந்த தம்பியின் அறைக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் பார்க்க வருபவர்கள், நடுவில் பேசுவதற்கு ஒரு தொலைபேசி. திங்கட்கிழமைக்காக முன்கூட்டியே மழித்த மொட்டைத் தலையும் பச்சை உடுப்புமாக உட்கார்ந்திருந்தவன் அக்காவைக் கண்டதும் பாய்ந்து வந்து ரிசீவரை எடுத்தான்.

"அக்கா! உங்க கம்பெனி வீடியோ பாத்தேன். சும்மா விண்வெளிக்குப் போறவ மாதிரி நிக்கற! சிரிக்கத்தான் தெரியல. பல் வலிக்காரி மாதிரி இருந்துச்சு."

"டேய், நான் ஒண்ணு சொல்லணும்."

"இரு, நான் முடிச்சிடறேன். அந்தப் புகை இருக்கே, அப்பப்பா! நர்ஸுக்கெல்லாம் காட்டினேன். 'இது என் சரக்கு, பத்திரமா வச்சிருக்காங்க பாருங்க'ன்னேன்."

"டேய்..."

"அதுல ஒரு நாற்காலிக்காரர்கூடப் பேட்டி குடுக்கறார். 'கண்ணால பாத்தேன், மெய் சிலிர்த்துச்சு'ங்கறார். எனக்கு வயிறு எரிஞ்சுது. ஊர்ல போறவன் வர்றவன் எல்லாரும் பாத்துட்டான், உரியவன் நான் மட்டும்தான் பாக்கல."

அக்கா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். அவனும் அந்தப் பக்கத்திலிருந்து அதே இடத்தில் கையை வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"திங்கட்கிழமைக்கு அப்புறம் அது எனக்குள்ள வந்துடும், பாக்கணும்னாலும் முடியாது. அதுக்குள்ள போன்லயாவது மூடியைத் திறந்து எனக்குக் காட்டேன் அக்கா. ஒரே ஒரு தடவை."